உள்ளங்காலையும் பாருங்கள்

ஆசிரியருக்கு,

சமூக ஊடகங்களில் விற்கப்படும் புற்றுநோய்க் களிம்புகள் குறித்த தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். நம்மைப் போன்ற கருநிறத்தவருக்குத் தோல் புற்றுநோய் வராது என்ற நினைப்பே இந்த வியாபாரத்துக்கு முதலீடு. வெயிலால் வரும் வகை நமக்குக் குறைவு, சரி. ஆனால் தோலின் நிறமிச் செல்களில் தோன்றும் மெலனோமா என்ற புற்றுநோய் உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வரும். அதற்கு வெயில் தேவையில்லை. பழைய தீக்காயத் தழும்பிலும், வேட்டியை இறுக்கிக் கட்டும் இடுப்பிலும்கூடப் புற்று வருவதை இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். என் பெரியப்பாவின் குதிகாலில் இருந்த கரும்புள்ளியைக் கால் ஆணி என்று சொல்லி எருக்கம்பால் வைத்தார்கள். அப்புறம் யாரோ கொடுத்த, தோலை அரித்தெடுக்கும் களிம்பு. பொருக்கு உதிர்ந்ததும் குணமாகிவிட்டதென்று வீட்டில் எல்லோருமே நம்பினோம், நான் உட்பட. மேல்தோல்தான் வெந்து விழுந்தது. அடியில் இருந்தது தொடை இடுக்கு நெறிக்கட்டி வரை போயிருந்தது. எட்டு மாதம் முன்பே வந்திருந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்திருக்கலாம் என்றார் மருத்துவர்.

புற்றுநோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. சுவரொட்டிக் காலத்துச் சட்டம்தான். களிம்பு விற்கும் சமூக ஊடகக் காணொளிகள் மீதும் அதைப் பாய்ச்ச வேண்டும். இன்னொன்று: தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்ட ஊழியர்கள் சர்க்கரை நோய்க்காக வீடு தேடி வருகிறார்கள். வரும்போது உள்ளங்காலையும் ஒருமுறை திருப்பிப் பார்க்கச் சொல்லலாம்.

– ஒரு வாசகர், மதுரை