கிராமத்துக்கு மனநல ஆலோசகர் வேண்டுமென்றால் ஆசிரியரும் ஊருக்குள் போக வேண்டும்: துணைவேந்தர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழகப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்களுக்கும், உளவியல், சமூகப்பணித் துறைகளின் பாடத்திட்டக் குழுக்களில் இருக்கும் பேராசிரியர்களுக்கும், வணக்கம்.

நான் ஒரு கல்லூரியில் சமூகப்பணி சொல்லிக்கொடுக்கிறேன். மருத்துவ, மனநலச் சமூகப்பணிப் பிரிவு. கேட்க வந்தது ஒன்றுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிராமத்தில் வேலை செய்யப்போகும் ஆலோசகர்களுக்குப் பயிற்சி தரும் ஆசிரியர், மாணவரோடு ஊருக்குப் போய் உட்காரும் நேரத்தை வேலை நேரமாகக் கணக்கில் எடுங்கள். வகுப்பு எடுக்கும் நேரத்துக்கு என்ன மதிப்போ அதே மதிப்போடு, கால அட்டவணையில் எழுதி.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. உளவியல் உள்ளிட்ட சில படிப்புகளை தொலைநிலை வழியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று 2025இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சொல்லிவிட்டது. 2021ஆம் ஆண்டின் தேசிய இணை சுகாதாரப் பணியாளர் ஆணையச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகள் இவை. எனக்கு அந்த முடிவில் பெரிய மறுப்பு இல்லை. ஒரு மனிதரின் எதிரில் உட்காராமலேயே ஆலோசனை படித்துச் சான்றிதழ் வாங்கிவிட முடியும் என்ற நிலை சரியானது இல்லை. ஆனால் அந்தத் தபால் வழிப் படிப்புதான் ஊரை விட்டு வர முடியாத எத்தனையோ பெண்களுக்கு இருந்த ஒரே வாசல், கல்யாணமாகி குழந்தையோடு இருப்பவர்கள், அங்கன்வாடியில் வேலை பார்ப்பவர்கள், பகலில் தனியார் பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டு ராத்திரி படித்தவர்கள். நாளைக்கு ஊரில் ஆலோசகராக நிற்கப்போகிறவர்கள் இவர்கள்தான். அந்த வாசலை மூடிய பிறகு இன்னொன்றைத் திறக்க வேண்டிய பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது.

நிலைமை உங்களுக்குத் தெரியாதது அல்ல. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் மட்டும் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. நாடு முழுவதும் பார்த்தால் அந்த ஆண்டு இறந்தவர்களில் கால்வாசிக்கும் மேல் தினக்கூலிகள். பெங்களூருவின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, மனநலப் பாதிப்பு உள்ளவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை என்றது. அரசு கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். 14416 என்ற மனநல உதவி எண்ணில் எந்நேரமும் ஆள் பேசுகிறார்கள், மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது, மக்களைத் தேடி மருத்துவம் 2021இலிருந்து வீட்டு வாசலுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறது. இல்லாதது என்னவென்றால், வாரம் தவறாமல் வந்து, அதே திண்ணையில் உட்கார்ந்து, பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கத் தெரிந்த ஆள். அந்த ஆளை உருவாக்குவது சுகாதாரத் துறையின் வேலை இல்லை, நம் வேலை.

சரி, எப்படி உருவாக்குகிறோம்? வகுப்பில் ரோல் பிளே செய்யச் சொல்கிறோம். ஒரு மாணவி ஆலோசகர், ஒரு மாணவி வாடிக்கையாளர், இருவருக்கும் ஒரே வயது, இருவரும் ஒரே புத்தகத்தைப் படித்தவர்கள். கேட்ட கேள்விக்கு அழகாகப் பதில் வரும். மதிப்பெண்ணும் போட்டுவிடுவோம்.

அதே மாணவி நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரையில், வேப்பமர நிழலில் ஓர் அம்மாவின் முன்னால் உட்கார்ந்ததைப் பார்த்தேன். கையில் பிஎச்க்யூ-9 தாள், மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகள், தமிழில்தான். "கடந்த ரெண்டு வாரத்துல எந்த வேலையிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாம இருந்துச்சாம்மா?" என்று கேட்டாள். "களை எடுக்கிறதுல என்ன கண்ணு ஆர்வம்?" என்றார் அந்த அம்மா. மாணவி என்னைத் திரும்பிப் பார்த்தாள், தாளில் சுழியம் போடப் போனாள். நான் பக்கத்தில் இருந்ததால், "இந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்குப் போனீங்களா?" என்று மட்டும் கேட்டேன். "எங்க போறது, ரெண்டு வருஷமா தேர் பார்க்கலை, மக புதுச் சேலை எடுத்துக் குடுத்தா, அது பிரிக்காம அப்படியே கெடக்கு" என்று ஆரம்பித்தவர் முக்கால் மணி நேரம் பேசினார். நெஞ்சு படபடப்பு, கை கால் எரிச்சல், தூக்கமின்மை, அதற்காக மூன்று டாக்டரிடம் ஸ்கேன் வரைக்கும் போய்ச் செலவழித்தது, எல்லாம் வந்தது. அன்று அந்தப் பெண் கற்றுக்கொண்டதை நான் ஒரு செமஸ்டர் முழுக்க வகுப்பில் நின்று சொல்லியிருந்தாலும் அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

இப்படி நேரில் இருந்தால் மட்டுமே சொல்லிக்கொடுக்க முடிகிற விஷயங்கள் ஏகப்பட்டது இருக்கின்றன. புத்தகம் தனி அறை வேண்டும் என்கிறது. ஊரில் தனி அறை எங்கே இருக்கிறது? மருமகளிடம் பேசினால் மாமியார் நிலைப்படியில் வந்து நிற்பார், பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டு வருகிற சாக்கில் உட்கார்ந்துவிடுவார். அவர்களை முறைக்காமல், அந்தப் பெண்ணையும் விட்டுக்கொடுக்காமல், ரேஷன் கடை வரை சேர்ந்து நடந்துகொண்டே பேசலாம் என்று எழுந்திருக்கத் தெரிய வேண்டும். அப்புறம் சாதி. "நீ யாரு வீட்டுப் பொண்ணு, எந்தத் தெரு?" என்ற கேள்வி முதல் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும். காலனிக்குப் போய்விட்டு வந்த மாணவனை ஊர்த்தெருவில் வீட்டுக்குள் விட மாட்டார்கள், காலனியிலிருந்தே படிக்க வந்த மாணவன் அந்த வாசலில் நிற்கும்போது அவன் மனதில் என்ன ஓடும்? இதைப் பற்றி நம் ஆலோசனைத் திறன்கள் தாளில் எத்தனை வரி இருக்கிறது என்று தயவுசெய்து எடுத்துப் பாருங்கள். அந்த மாணவனோடு அன்று சாயங்காலமே உட்கார்ந்து பேச ஒரு ஆசிரியர் இல்லையென்றால், நாம் ஆலோசகரை உருவாக்கவில்லை, இன்னொரு காயம்பட்ட பிள்ளையைத்தான் உருவாக்குகிறோம்.

உயிர் சம்பந்தப்பட்டதும் இருக்கிறது. விவசாய வீட்டில் பேசும் ஆலோசகர், பூச்சிமருந்து வீட்டில் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, யார் கைக்கு எட்டும் என்று கேட்டே ஆக வேண்டும். இது துருவித் துருவிக் கேட்பது ஆகாது, ஆலோசனையின் பகுதி. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கம் இரண்டு கிராமங்களில், மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் தற்கொலைத் தடுப்புக்காக உழைக்கும் சிநேகா அமைப்பும் பூச்சிமருந்துகளை வீட்டில் வைக்காமல் பூட்டி வைக்கப் பொதுக்கிடங்கு அமைத்துப் பார்த்தார்கள், விவசாயிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள். நம் மண்ணில் நடந்த வேலை இது. பாடத்திட்டத்தில் வெளிநாட்டுக் கோட்பாட்டாளர்களின் பிறந்த ஆண்டு வரைக்கும் இருக்கிறது, காட்டுமன்னார்கோவில் இல்லை. அதே போல, தற்கொலைக்கு முயன்றவர் வீட்டில் போலீஸ் கேஸ் பயத்தில் ஆஸ்பத்திரியில்கூட உண்மையைச் சொல்வதில்லை. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவே கிடையாது. இதைத் தேர்வில் எழுதத் தெரிந்த மாணவருக்கு, பயந்துபோய் நிற்கும் ஒரு அப்பாவிடம் நான்கு வாக்கியத்தில் சொல்லத் தெரிவதில்லை, ஏனென்றால் யாரும் பக்கத்தில் இருந்து சொல்லிக் காட்டவில்லை.

முதுகலைப் பட்டம் இல்லாதவர்களால்கூட இந்த வேலையைச் செய்ய முடியும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. கோவாவில் சங்கத் அமைப்பு, சுகாதாரத் துறைப் பின்னணி எதுவும் இல்லாத உள்ளூர் ஆட்களுக்கு இரண்டு மாதம் போலப் பயிற்சி கொடுத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்கார வைத்தது, மனச்சோர்வும் பதற்றமும் இருந்தவர்கள் அங்கே கூடுதலாகத் தேறினார்கள் என்று 2010இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பின்னால் அவர்களே செய்த இன்னொரு திட்டத்தில் ஆலோசகர்கள் வாரந்தோறும் கூடி, பதிவு செய்த உரையாடல்களைச் சேர்ந்து கேட்டு, ஒருவருக்கொருவர் மதிப்பிட்டுக்கொண்டார்கள். இரண்டு மாதப் பயிற்சி என்ற பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு குறுகிய காலச் சான்றிதழ் படிப்புகளை நாம் ஆரம்பித்துவிடுகிறோம், வாராவாரம் கூட இருந்ததை விட்டுவிடுகிறோம். புதுக்கோட்டையில் சென்னையின் மனநலத் தொண்டு நிறுவனமான ஸ்கார்ஃப் நடத்திய நடமாடும் தொலை மனநல பஸ்ஸும் ஊரில் பயிற்சி பெற்ற களப்பணியாளர்களை நம்பித்தான் ஓடியது, டாக்டர் திரையில் இருந்தார், ஆனால் வீடு தேடிப் போனவர்கள் உள்ளூர்க்காரர்கள்.

இனி ஆசிரியர் கதைக்கு வருகிறேன். யுஜிசியின் 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம், இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி நேரம் நேரடிக் கற்பித்தல். களப்பணி மேற்பார்வை நடைமுறையில் இதற்கு வெளியே நிற்கிறது, அல்லது பேருக்கு ஓரிரு மணி நேரம் எழுதப்படுகிறது. வாரம் இரண்டு நாள் மாணவர்கள் களத்துக்குப் போகிறார்கள், ரிப்போர்ட் எழுதி வருகிறார்கள், ஆசிரியர் சிவப்பு மையில் 'Seen', அதாவது பார்த்தாயிற்று, என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். அவரையும் குறை சொல்ல முடியாது. டவுன் பஸ் பிடித்து ஊருக்குப் போய்த் திரும்ப ஒரு பகல் போய்விடும், பயணப்படி கிடையாது, பதவி உயர்வுக்கு அது எண்ணிக்கையில் வராது, அதே நேரத்தில் ஒரு கட்டுரை எழுதினால் வரும். பல இடங்களில் இந்த வேலை முழுவதும் கௌரவ விரிவுரையாளர் தலையில்தான் விழுகிறது. அவர்கள் இதைச் செய்கிறார்கள், கைக்காசு போட்டுச் செய்கிறார்கள், எனக்குத் தெரியும்.

ஆகவே கேட்கிறேன். களத்தில் இருக்கும் நாளை முழு வேலை நாளாக அட்டவணையில் போடுங்கள், ஓர் ஆசிரியருக்கு ஏழெட்டு மாணவர்களுக்கு மேல் தராதீர்கள், பஸ் காசையாவது கொடுங்கள். பதவி உயர்வுப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் வையுங்கள். மாணவர் கேட்டது தமிழில், பேசியது தமிழில் என்னும்போது ரிப்போர்ட்டையும் தமிழிலேயே எழுத விடுங்கள், அந்த அம்மா சொன்ன சேலைக் கதை ஆங்கிலத்தில் 'லாஸ் ஆஃப் இன்ட்ரஸ்ட்' என்று மூன்று சொல்லாகச் சுருங்கிவிட்டால் மேற்பார்வை செய்ய என்ன மிச்சம் இருக்கிறது? ஊரில் இருபது வருடம் இருந்த கிராம சுகாதார செவிலியர்களைக் களப் பயிற்றுநர்களாக அழைத்து மதிப்பூதியம் கொடுங்கள், எந்த வீட்டுக் கதவை எப்போது தட்டலாம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். தொலைநிலைப் படிப்பு மூடியதால் நிற்கும் பெண்களுக்கு வட்டாரத் தலைநகரங்களில் இருக்கும் உறுப்புக் கல்லூரிகளில் சனி, ஞாயிறு வகுப்பும், சொந்த ஒன்றியத்திலேயே களப்பணியும் ஏற்பாடு செய்ய முடியும்.

காலிப் பணியிடம், நிதி நெருக்கடி என்பீர்கள். உண்மைதான், பல பல்கலைக்கழகங்களில் சம்பளத்துக்கே திண்டாட்டம். ஆனால் நான் கேட்டதில் பாதிக்குப் பணம் தேவையில்லை, பாடத்திட்டக் குழுவின் ஒரு தீர்மானம் போதும். கட்டமும் அட்டவணையும் தமிழ் ரிப்போர்ட்டும் இந்தக் கல்வியாண்டிலேயே முடியும். பயணப்படியையும் மதிப்பூதியத்தையும் மாவட்ட மனநலத் திட்டத்தோடு ஒப்பந்தம் போட்டுக் கேட்கலாம், அவர்களுக்கும் ஆள் வேண்டும்.

களப்பணித் தாளுக்கான மாற்றங்களை நானும் சக ஆசிரியர்கள் சிலரும் சேர்ந்து தமிழில் வரைவாக எழுதி வைத்திருக்கிறோம், நேரப் பங்கீடும் மதிப்பீட்டு முறையும் உட்பட. அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்துக்கு முன்னால் எந்தப் பல்கலைக்கழகம் கேட்டாலும் அனுப்புகிறோம், விளக்கம் வேண்டுமென்றால் நேரிலும் வருகிறோம். வரும்போது களத்திலிருந்து இரண்டு மாணவர்களையும் கூட்டி வர அனுமதி கொடுங்கள், அவர்கள் சொல்வதையும் குழு கேட்க வேண்டும்.

நன்றியுடன்,
ஒரு சமூகப்பணித் துறை ஆசிரியர்