வால்பாறை எஸ்டேட் நிர்வாகிகளுக்கு: அந்த ஒற்றை மரங்களை விட்டுவையுங்கள்

வணக்கம்.

தேயிலைக்கு நடுவே தனியாக நிற்கிற வெள்ளையகில், நாவல் மாதிரி காட்டு மரங்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சில்வர் ஓக் வைப்பது எஸ்டேட்டுகளில் புதிய விஷயமில்லை. வேகமாக வளரும், மிளகு ஏற்றலாம், வெட்டி விற்கலாம், சரி. ‘ஒத்தை மரம்தானே, காடு அந்தப் பக்கம் பத்திரமாகத்தானே இருக்கு’ என்கிற நினைப்புதான் தவறு.

குடகில் காப்பித் தோட்டங்களுக்கும் தேவரகாடுகளுக்கும் (கோயில் காடுகளுக்கும்) இடையே சிதறி நிற்கும் வெள்ளையகில் மரங்களை 216 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஆராய்ந்து 2012-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். (நம் பீடபூமியும் கிட்டத்தட்ட அதே அளவுதான், 220.) எந்த விதைக்கு எந்த மரம் அப்பா என்று மரபணுவை வைத்துக் கண்டுபிடிக்கிற ஆய்வு, வாரிசு வழக்கில் கோர்ட் கேட்கிற பரிசோதனை மாதிரியேதான். தன்னந்தனியாக நின்ற மரங்களுக்கு 5 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்துகூட, பலவகைப்பட்ட மகரந்தம் அடிக்கடி வந்திருக்கிறது. அதாவது, ஒற்றை மரமும் தூரத்து மரங்களோடு தொடர்பில்தான் இருக்கிறது. மாட்டிக்கொண்டவை, மரங்கள் குறைந்துபோன காட்டுத் துண்டுகள்தான்: அங்கே பக்கத்து மரத்தோடு சேர்வது கூடுகிறது, அந்தப் பக்கத்து மரம் ரத்த உறவு மாதிரி நெருங்கிய மரமாக இருப்பதும் கூடுகிறது.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் பெரிய மரங்களில் பல, தேயிலை வருவதற்கு முன்பே, காடு ஒன்றாக இருந்தபோது முளைத்தவை. அவற்றின் மரபணுவில் பழைய காடு இன்னும் இருக்கிறது. கலப்பு குறைகிற இழப்பு தெரிவது அவற்றின் கன்றுகளில். குடகிலும் பெரிய மரங்களைவிட இளசுகளில்தான் சொந்தங்கள் ஒரே இடத்தில் குவிவது அதிகமாக இருந்தது.

அப்புறம், எல்லா மரத்துக்கும் மகரந்தம் இப்படித் தூரம் போகும் என்று நினைத்துவிடக் கூடாது. வெடிப்பலா என்கிற காட்டு மரத்தின் பூவுக்கு வௌவாலும் குரங்கும் மரநாயும் வரும். வௌவால் தேயிலையைத் தாண்டிப் பறந்துவிடும், மரத்துக்கு மரம் தாவுகிற சிங்கவால் குரங்குக்கு நடுவில் மரம் வேண்டும். ஒவ்வொரு மரத்தின் தூதுவரும் வேறு, அது கடக்கக்கூடிய இடைவெளியும் வேறு.

சில்வர் ஓக்கை எல்லாம் பிடுங்கச் சொல்லவில்லை. அடுத்த முறை வெட்டுவதற்குக் குறி போடும்போது, காட்டு மரங்களில் குறி விழாமல் பார்த்துக்கொள்ளச் சூப்பர்வைசர்களிடம் சொல்லுங்கள். காட்டு மரம் ஏதாவது சாய்ந்து விழுந்தால், அந்த இடத்தில் காட்டு மரத்தையே வையுங்கள். நாற்று வளர்க்கிறவர்கள் ரோட்டோரத்தில் வசதியாக நிற்கும் ஒரே மரத்தடியில் ஒரு சாக்கு விதை பொறுக்கி முடித்துவிடுவது வழக்கம், அப்படி நட்டால் ஒரு சரிவு முழுக்க ஒரே தாயின் பிள்ளைகள், நாளைக்கு அவை தங்களுக்குள்ளேயே கலக்கும். வெவ்வேறு காட்டுத் துண்டுகளிலிருந்து, நிறைய தாய் மரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கச் சொல்லுங்கள், தேயிலைக்குள் நிற்கும் அந்த ஒற்றை மரங்களிலிருந்தும்.

இப்படிக்கு,
இந்த மலையில் வசிக்கும் ஒருவன்