அப்பாவின் கையை அவசரப்படாமல் விரித்தவர்களுக்கு

காவேரிப்பட்டினத்து உறவுகளுக்கு வணக்கம்.

பக்கவாதத்தில் விழுந்த அப்பாவுக்குத் துணை நின்ற எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

முதல் நன்றி, வீடு தேடி வந்த பிசியோதெரபி அக்காவுக்கு. வீட்டுக்கே வந்து சிகிச்சை தரும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அன்றைக்கு அது எங்களுக்கு வெறும் டிவி செய்தி.

ஆரம்பத்தில் துவண்டு கிடந்த வலது கை, சில வாரங்களில் மடங்கி, விரல்கள் உள்ளங்கைக்குள் இறுகிவிட்டன. பார்க்க வந்தவர்கள் பலம் திரும்புகிறது என்றார்கள். அக்காதான் அது பலமில்லை, இறுக்கம் என்று புரியவைத்தார். தசை சட்டென்று இழுபட்டால் தண்டுவடம் உடனே அதைச் சுருங்க வைக்கும். மூளையிலிருந்து இறங்கும் நரம்புகள் அதை ஓரளவு அடக்கி வைக்கும். பக்கவாதத்தில் அந்தப் பிடி தளர்ந்துவிடுகிறது. அதனால் வேகமாக இழுத்தால் கை முரண்டு பிடிக்கும், மெதுவாகப் போனால் விட்டுக்கொடுக்கும்.

இதை அப்படியே பிடித்துக்கொண்டவர் சலூன் அண்ணன். வீட்டுக்கு வந்து சவரம் செய்வதோடு, நகம் உள்ளங்கையில் குத்திப் புண்ணாகாமல் வெட்டியும் விடுவார். முதலில் மணிக்கட்டை உள்பக்கமாக மடக்குவார், விரல்கள் கொஞ்சம் தளரும். அப்புறம் ஒவ்வொரு விரலாகப் பிரிப்பார். கடையில் ஆள் காத்திருந்தாலும் அவசரப்பட மாட்டார். 'இழுத்துவிட்டா சரியாயிடும்' என்று எண்ணெயோடு வந்த சித்தப்பாவுக்கும் நன்றி. எண்ணெயை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டோம்.

இறுக்கத்தைக் குறைக்கும் பேக்லோஃபென் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். மழை இரவில் அட்டையோடு வந்து நின்ற மெடிக்கல் தம்பியை மறக்க மாட்டோம்.

ஒருநாள் காரணமே தெரியாமல் கால் விறைத்துக்கொண்டது. நாங்கள் காலையே பார்த்துக்கொண்டிருக்க, சுகாதாரத் தன்னார்வலர் அம்மா, "மூத்திரம் ஒழுங்கா போகுதா?" என்று கேட்டார். பரிசோதித்தால் சிறுநீரில் கிருமித் தொற்று. உடம்பில் எங்கே தொந்தரவு இருந்தாலும் இறுக்கம் கூடுமாம். தொற்று தீர்ந்ததும் காலும் தளர்ந்தது. அந்த ஒரு கேள்விக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும் அம்மா.

கை இன்னும் முழுதாக விரியவில்லை. ஆனால் சட்டைக் கை சிரமமில்லாமல் நுழைகிறது, உள்ளங்கையைக் கழுவ முடிகிறது. செந்தூரா மாங்காய் பழுக்கும்போது எல்லோரும் வீட்டுக்கு வர வேண்டும். கூப்பிடச் சொன்னது அப்பாதான்.

அன்புடன்,
மகளும் குடும்பத்தாரும்