டைவ் கடைக்காரர்களுக்கு, அந்த மருத்துவப் படிவத்தைப் பற்றி

வணக்கம்.

முதுகில் ஒரு பையோடு தீவு தீவாகச் சுற்றுகிற ஆட்களை ஒரே நாளில் கடலுக்கடியில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டுப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருகிற உங்கள் எல்லோருக்கும்தான் இந்த மடல். சண்டை போட எழுதவில்லை. என் பயணத்திலேயே சிறந்த ஒரு மணி நேரம் உங்கள் தொழிலில் இருக்கும் ஒருவர் தந்தது, அதே நாளில்தான் காதைப் பொத்திக்கொண்டு படகின் ஓரத்தில் சுருண்டு உட்கார்ந்தும் இருந்தேன்.

காலை ஏழு மணி, இரவெல்லாம் தூக்கமில்லை, மூக்கு அடைத்திருந்தது. கவுண்டரில் ஒரு தாளை நீட்டினார்கள். ஆஸ்துமா உண்டா, இதய நோய் உண்டா, காதில் அறுவை சிகிச்சை நடந்ததா, சைனஸ் தொல்லை உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். சைனஸ் வரியில் பேனா நின்றது. "எல்லாத்துக்கும் இல்லைன்னு டிக் பண்ணுங்க, ஆமான்னு போட்டா டாக்டர் சீட்டு கேட்பாங்க, படகு கிளம்பப் போகுது" என்றார் அங்கிருந்தவர். போட்டேன். பொய் சொன்னது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கையில் ஒரே ஒரு நாள், கட்டிய பணம் திரும்பாது, படகில் எட்டுப் பேர் எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்கிற நிலையில் யார்தான் உண்மை எழுதுவார்கள்?

சளி என்றால் என்ன பெரிய விஷயம் என்றுதான் நானும் நினைத்தேன். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடிக்கொண்டே போகும், 10 மீட்டர் ஆழத்தில் காற்று பாதி அளவாகச் சுருங்கிவிடும். ஆழம் போகப் போகத்தான் காது வலிக்கும் என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறோம், உண்மையில் முதல் சில மீட்டர்தான் படுத்தும், ஏனென்றால் காற்றின் அளவு அங்கேதான் வேகமாக மாறுகிறது. வலி வருவதற்கு முன்பே மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதி, காதுக்குள் காற்றை அனுப்பிக்கொண்டே இறங்க வேண்டும். மூக்கே அடைத்திருந்தால் எங்கே ஊதுவது? நான் ஒரு சளி மாத்திரையைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன். பிரச்சினையே இல்லை, அந்த நேரத்துக்கு.

அப்புறம் கீழே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. என் சிவப்புக் கைப்பட்டை நிறம் செத்துப் பழுப்பாகிப் போனது, தண்ணீர் சிவப்பைத்தான் முதலில் விழுங்குமாம். நறுக் நறுக்கென்று ஒரு சத்தம், பார்த்தால் கிளிமீன்கள் பவளப்பாறையைக் கடித்துக்கொண்டிருந்தன. அது தொண்டைக்குள் இருக்கும் பற்களில் அரைபட்டு மணலாக வெளியே வருகிறது, முந்தின நாள் சாயங்காலம் நான் ஆனந்தமாக மல்லாந்து கிடந்த வெள்ளை மணலில் அதற்கும் பங்கு இருக்கும். (தெரிந்திருந்தால் துண்டாவது விரித்திருப்பேன்.)

சந்தோஷம் தாங்காமல் பயிற்றுநருக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவர் என்னை மேலே கூட்டிக்கொண்டு கிளம்பினார். தண்ணீருக்கடியில் அதற்கு 'மேலே போகலாம்' என்று அர்த்தம், 'நன்றாக இருக்கிறேன்' என்பதற்கு ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வளையமாகச் சேர்க்க வேண்டும். இரண்டு தடவை இப்படி நடந்தது. படகில் அவசர அவசரமாகச் சொன்னார்களாம், இன்ஜின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. மூச்சை அடக்காதே என்பதை மட்டும் மூன்று முறை சொன்னார்கள், அதற்கு நன்றி. 10 மீட்டரிலிருந்து மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரலில் உள்ள காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும் என்பதை அறைக்குத் திரும்பியபின் படித்து உறைந்துபோனேன்.

மேலே வரும்போதுதான் மாத்திரை தன் வேலையை நிறுத்தியது. உள்ளே விரிகிற காற்று வெளியே போக வழியில்லாமல் காதுக்குள் கத்தி செருகியது போல் வலி. பயிற்றுநர் பதறவில்லை. என்னை ஒரு மீட்டர் கீழே இறக்கினார், காத்திருந்தார், மறுபடி அரை மீட்டர் ஏற்றினார். சிலிண்டரில் 70 பார் (காற்றழுத்த அளவு) காற்று மிச்சம் இருந்தது, அதனால் இந்தப் பொறுமைக்கு நேரமும் இருந்தது. 20 பார் இருந்திருந்தால்? கவுண்டரில் அவசரப்படுத்தியவர் அப்போது கரையில் இருந்தார், அடியில் என்னோடு இருந்தவர் இவர். என் பொய்யின் சுமை முழுவதும் இவர் தலையில்தான் விழுந்தது.

இன்னொன்று. அன்று மாலையே எனக்கு விமானம். கடையில் யாரும் கேட்கவில்லை. விடுதியில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்தான் சொன்னார், உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேற, ஒரே ஒரு டைவ் என்றாலும் 12 மணி நேரமாவது தரையில் இருக்க வேண்டும், பல டைவ் என்றால் 18 மணி நேரம் என்று. டிக்கெட்டை விட்டுவிட்டேன். எங்களைப் போன்றவர்கள் டைவ் முடித்த கையோடு விமானமோ மலையோ ஏறுகிறவர்கள், உங்களுக்கே தெரியும். முன்பதிவின்போது "எப்போது கிளம்புகிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

படிவத்தையும் அப்போதே, முந்தின நாள் சாயங்காலமே, பணம் வாங்கும் முன்பே கொடுங்கள். சளி பிடித்திருந்தால் வேறு தேதி தருவோம் என்று அதன் மேலேயே எழுதி வையுங்கள். கை சைகைகளைக் கரையில், இன்ஜின் ஓடாத இடத்தில், ஐந்து நிமிடம் எங்களைச் செய்யவைத்துப் பாருங்கள்.

அடுத்த முறை சைனஸ் வரியில் 'ஆமா' என்றே போடுவேன். என்னைக் கரையிலேயே விட்டுவிட்டுப் படகை எடுங்கள், கோபப்பட மாட்டேன், கொஞ்ச நேரம் முறைப்பேன், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
கட்டைவிரலை உயர்த்திக் காட்டிய ஆள்