ஃபேன் ஸ்விட்ச் குறித்து மகளுக்கு

பொள்ளாச்சி
ஆவணி, திங்கட்கிழமை

அன்புள்ள அம்மிணிக்கு,

நானும் அம்மாவும் நலம். நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். போனில் விளக்கிச் சொல்லலாம் என்றால் பாதியிலேயே "சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். படித்த பிறகு இதை அந்த மெக்கானிக்கிடமும் காட்டு. அவர் வருத்தப்பட்டால் படட்டும்.

அவர் செய்திருப்பது ரேடியேட்டர் ஃபேனை டைரக்ட் கொடுக்கும் வேலை. பேட்டரியிலிருந்து ஒரு ஒயர், ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு ஸ்விட்ச், அங்கிருந்து நேராக ஃபேனுக்கு. நடுவழியில் நின்ற வண்டியை வீடு கொண்டுபோய்ச் சேர்க்க யாரும் செய்வதுதான். அட்டகட்டியில் நின்ற உன்னை அன்று இரவே வால்பாறை வரை ஏற்றிவிட்டார், அதற்கு அவருக்கு என் நன்றியைச் சொல். ஆனால் அதையே நிரந்தர வேலையாக விட்டுவிட்டது சரியில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது வீட்டுச் சுவரில் விளக்குக்குப் போடும் ஸ்விட்ச். பலகைத் துண்டு ஒன்றில் திருகி வைத்திருக்கிறார். இரண்டு சிவப்பு ஒயர்களில் இடப்பக்கத்து ஒயர், திருகாணிக்கு அருகே ஓர் அங்குல நீளத்துக்குப் பழுப்பேறி, மினுமினுப்பாக, உள்ளே இருக்கும் செம்புக் கம்பியோடு ஒட்டிப்போயிருக்கிறது. சூடு தாங்காமல் இளகி, பிறகு ஆறிய ஒயர் அது. அடுத்த முறையும் இளகி ஆறும் என்று யாரும் உறுதி தர முடியாது. உன் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருக்கிறது.

அந்த ஃபேன் ஓடும்போது 8 முதல் 10 ஆம்பியர் வரை இழுக்கும். சுற்றத் தொடங்கும் கணத்தில் அதைவிடச் சில மடங்கு. வீட்டு விளக்கு ஸ்விட்சில் 6 ஆம்பியர் என்றுதான் போட்டிருப்பார்கள், அதுவும் வீட்டுக்கு வரும், திசை மாறி மாறி ஓடும் ஏ.சி. மின்சாரத்துக்கு. ஏ.சி. ஒரு நொடியில் நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் ஸ்விட்சை அணைக்கும்போது எழும் பொறி தானாக அடங்கிவிடும். ஒரே திசையில் ஓடும் பேட்டரியின் டி.சி.க்கு அந்த இடைவெளி இல்லை. பொறி நீண்டு நின்று காண்டாக்டைத் தின்றுவிடும். ஒரு நாள் ஸ்விட்சைப் போட்டாலும் ஃபேன் ஓடாது, அல்லது அணைத்தாலும் நிற்காது.

ஆகவே ஸ்விட்ச் ரிலேவைத்தான் இயக்க வேண்டும், ஃபேனை அல்ல. சின்ன மின்சாரத்தில் இயங்கிப் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைப்பதுதான் ரிலேயின் வேலை. இதை நீ எனக்கே சொல்லித்தருவாய். பத்தாம் வகுப்பு விடுமுறையில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்று ரிலேயின் கால் எண்களை மனப்பாடமாகச் சொன்னவள் நீ. 30 பேட்டரி, 87 ஃபேன், 86-ம் 85-ம் காயில் என்ற கம்பிச் சுருளின் இரு முனைகள். பணிமனையில் என்னோடு வேலை பார்த்தவர்களின் பையன்களில் ஒருவனுக்கும் அது வராது. அப்படிப்பட்டவள் யாரோ ஒருவர் சுவர் ஸ்விட்சைத் திருகும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. அன்று இரவு உன் கவனம் வேறெங்கோ இருந்திருக்கிறது.

நான் வைத்த ரிலே இன்னும் பேட்டரிக்குப் பின்னால்தான் இருக்கிறது. அவர் அதைத் தொடவில்லை. இக்னிஷனிலிருந்து 86-க்கு மின்சாரம் வருகிறது. 85 தெர்மோ ஸ்விட்ச் வழியாக எர்த்துக்கு, அதாவது வண்டியின் உடம்புத் தகட்டுக்குப் போகிறது. தண்ணீர் சூடேறியதும் தெர்மோ ஸ்விட்ச் மூடிக்கொண்டு இணைப்புக் கொடுக்கும், காயில் இழுக்கும், ஃபேன் ஓடும். உனக்கு வேண்டிய கை ஸ்விட்ச் இந்தத் தெர்மோ ஸ்விட்சுக்கு இணையாக நிற்க வேண்டும். 85-லிருந்து இன்னொரு ஒயரைப் பிரித்து டேஷ்போர்டுக்குக் கொண்டுவந்து, ஸ்விட்ச் வழியாக எர்த் கொடுத்தால் போதும். இரண்டில் எது மூடினாலும் ஃபேன் ஓடும். அந்த ஒயரில் 0.2 ஆம்பியர்கூடப் போகாது, சின்ன ஸ்விட்சே தாங்கும், சூடு என்ற பேச்சே இல்லை. ஃபேனுக்குப் போகும் ஒயர் மட்டும் 2.5 சதுர மில்லிமீட்டர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே 20 ஆம்பியர் ஃபியூஸ். இப்போது அவர் இழுத்திருக்கும் ஒயரில் ஃபியூஸே இல்லை. அது எங்காவது தகட்டில் உரசினால் பேட்டரியின் மொத்த பலமும் அந்த இடத்தில் இறங்கும். என்ஜின் அறையிலிருந்து உள்ளே வரும் துளைக்கு ரப்பர் வளையமும் போடவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் ஆடி ஆடித் தகட்டு விளிம்பு ஒயரை அறுத்துக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று. கை ஸ்விட்ச் ஃபேனை ஓடவைப்பதற்கு மட்டும்தான் இருக்க வேண்டும், நிறுத்தி வைப்பதற்கு அல்ல. நீ மறந்தாலும் தெர்மோ ஸ்விட்ச் தன் வேலையைச் செய்ய வேண்டும். இப்போது உன் வண்டியில் அந்தப் பாதுகாப்பு இல்லை. நீ நினைவு வைத்திருந்து போட்டால்தான் ஃபேன் ஓடும். ஆழியாறு தாண்டி நாற்பது வளைவுகள் இரண்டாவது கியரிலும் முதல் கியரிலும் ஏற வேண்டும். என்ஜின் முழு மூச்சில் உழைக்கும், வண்டியின் வேகமோ ரேடியேட்டருக்குக் காற்றுத் தரப் போதாது. மனசு வேறெதையோ நினைத்துக்கொண்டிருக்கும் இரவில் ஸ்விட்சை மறப்பது யாருக்கும் நேரும்.

தெர்மோ ஸ்விட்ச் கெட்டுவிட்டது என்று அவர் எப்படி முடிவு செய்தார்? அதன் கனெக்டரைக் கழற்றி ஒயரை எர்த்தில் தொட்டுப் பார்த்தாரா? தொட்டதும் ஃபேன் ஓடினால் ரிலேயும் ஃபேனும் நன்றாக இருக்கின்றன, கோளாறு தெர்மோ ஸ்விட்ச் பக்கம். ஆனால் அப்போதும் அதுதான் கெட்டது என்று சொல்லிவிட முடியாது. தண்ணீர் குறைந்து தெர்மோ ஸ்விட்ச் இருக்கும் இடத்தில் காற்று நின்றுவிட்டால், என்ஜின் கொதித்தாலும் அதற்குச் சூடு தெரியாது. வால்பாறை சுமார் 3,500 அடி உயரம். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் அங்கே 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் நூறைத் தாண்டியும் தண்ணீர் தண்ணீராக இருக்கிறது. அந்த மூடி தளர்ந்திருந்தால் ஃபேன் ஓடியும் பயனில்லை. கூலண்ட் விட்டாயா, குழாய்த் தண்ணீர் விட்டாயா? குழாய்த் தண்ணீர் விடாதே என்று எத்தனை முறை சொல்வது.

உன் கூட வேலை பார்க்கும் டீச்சரின் புது வண்டிக்கும் இப்படி ஒரு ஸ்விட்ச் கேட்கிறார் என்று சொன்னாய். வேண்டாம் என்று சொல். புது வண்டிகளில் ஃபேனை எப்போது ஓட்டுவது என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. அதன் ஒயரில் கை வைத்தால் வேறு கோளாறு வரும். நம் பழைய கார்புரேட்டர் வண்டிக்குச் சரிப்படுவது அதற்குச் சரிப்படாது.

படத்தில் ஸ்விட்சுக்கு மேலே மீட்டரும் தெரிகிறது. மாசியில் ஆயில் மாற்றியபோது என் நோட்டில் எழுதி வைத்தது 94,200. இப்போது 98,000 தாண்டியிருக்கிறது. பள்ளிக்கூடம் உனக்கு நடந்து போகிற தூரம். விடுமுறைக்கும் நீ வரவில்லை. வண்டி எங்கே ஓடியது என்று நான் கேட்கவில்லை. 5,000 கிலோமீட்டரில் ஆயில் மாற்ற வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

கிணத்துக்கடவில் பெட்ரோல் பங்கில் உன் வண்டியைப் பார்த்ததாகச் சித்தப்பா சொன்னார். வேறு யார் வண்டியாகவாவது இருக்கும் என்றேன். பின்கண்ணாடியில் நீ ஒட்டிய மயில் இருந்தது என்றார். வால்பாறையிலிருந்து கிணத்துக்கடவுக்குப் பொள்ளாச்சியைத் தாண்டாமல் எப்படிப் போவது? பெரியப்பா வீட்டில் அன்றைக்கு நடந்த பேச்சு உன் மனத்தில் இருந்தால், அதைப் பேசிக்கொள்ள நேரம் இருக்கிறது. பேச வேண்டாம் என்றால் பேசாமலே இருக்கலாம். அதற்காக வீட்டைத் தாண்டிப் போக வேண்டியதில்லை அம்மிணி. ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு, ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்துக்கொண்டு மலையேறலாம்.

அம்மாவிடம் மீட்டர் கணக்கை நான் சொல்லவில்லை. சித்தப்பா சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். இரவு படுக்கும்போது, "கோயம்புத்தூரில் அவள் யாரை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போகிறாள்?" என்று கேட்டாள். ஆஸ்பத்திரி என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

தென்னைக்கு வாடல் நோய் கிழக்குப் பக்கம் இன்னும் சில மரங்களுக்கு வந்துவிட்டது. தம்பி வீட்டில் எல்லாரும் நலம். மற்றபடி செய்தி இல்லை.

வண்டி சூடேறி முள் மேலே போனால் என்ன செய்வது என்பது உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். அகலமான இடம் பார்த்து நிறுத்து. வளைவில் நிறுத்தாதே. வண்டிக்குள் ஏ.சி. போட்டிருந்தால் அணைத்துவிடு. ஹீட்டரை முழுதாகத் திற, அதுவும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான், கொஞ்சம் சூட்டை இழுத்துக்கொள்ளும். மூடியைத் திறக்காதே. துணி சுற்றிக்கொண்டும் திறக்காதே. கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். அரை மணி நேரம் போனாலும் போகட்டும். அந்த நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார். ஆனைமலைப் பக்கம் இரவில் யானை எந்த வளைவிலும் நிற்கும். உட்கார்ந்திருக்கும்போது போன் செய். எத்தனை மணியானாலும் செய். சிக்னல் இல்லாத இடம் எது, கிடைக்கும் இடம் எது என்று உனக்கு இப்போது மனப்பாடமாகியிருக்கும்.

ரிலேவும் தெர்மோ ஸ்விட்சும் புதிதாகவே வாங்கிவிட்டேன். ஒயர், ஃபியூஸ், ரப்பர் வளையம், ரேடியேட்டர் மூடி எல்லாம் வாங்கி வைத்திருக்கிறேன். 87-லிருந்து ஒரு சின்னப் பச்சை விளக்கும் டேஷ்போர்டுக்குத் தருகிறேன். நீ போட்டாலும் சரி, தானாக ஓடினாலும் சரி, ஃபேனுக்கு மின்சாரம் போகிறது என்று இருட்டிலும் தெரியும். அரை நாள் வேலை. சனிக்கிழமை வண்டியை இங்கே கொண்டுவா. பகலில் வா. இறக்கத்தில் என்ஜின் அவ்வளவு சூடாகாது, அந்த ஸ்விட்சைத் தொடாமலே ஆழியாறு வந்துவிடலாம். சமவெளிக்கு வந்த பிறகு முள்ளைப் பார்த்துக்கொண்டு மெதுவாக ஓட்டு.

அதற்கு முன்னால் நீ கோயம்புத்தூர் போயே ஆக வேண்டும் என்றால், வண்டியை வால்பாறையிலேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் வா. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் நான் நிற்கிறேன். சித்தப்பாவின் வண்டியில் உன்னைக் கூட்டிப்போகிறேன். எங்கே இறக்கிவிடச் சொல்கிறாயோ அங்கே இறக்கிவிட்டு, நீ வரும்வரை வெளியே வண்டியிலேயே உட்கார்ந்திருப்பேன். உள்ளே வர மாட்டேன், கேட்கவும் மாட்டேன். கூட வரச் சொன்னால் வருவேன்.

அந்தப் பேட்டரி ஒயரை மட்டும் இன்றே கழற்றச் சொல்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: சனிக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்புகிறாய் என்று அம்மாவுக்குப் போன் செய்து சொல். எனக்குச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, அவளுக்குச் சொல்.