அன்னபேதி இப்போது வேண்டாம்

அன்புள்ள அம்மிணிக்கு,

மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியமா? போட்டோவில் வாழை மஞ்சளாக இருப்பதைப் பார்த்துவிட்டு, இரும்புச்சத்துக்காக வேரில் அன்னபேதி என்ற இரும்பு உப்பைக் கரைத்து ஊற்றச் சொன்னாய். ஆனால் இது இரும்புச்சத்துக் குறைவு இல்லை, கண்ணு. அப்படியென்றால் இளம் இலைதான் முதலில் வெளுக்கும். நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். நம்ம ரஸ்தாளியில் அடி இலை ஓரத்திலிருந்து மஞ்சளேறி, காம்பு ஒடிந்து மரத்தைச் சுற்றித் தொங்குகிறது. ஒரு மரத்தைச் சாய்த்துக் கிழங்கை அரிந்து பார்த்தேன். உள்ளே செம்பழுப்பாகப் புள்ளியும் கோடும். வாடல் நோயேதான்.

அதைக் கொண்டுவருவது ஃபியூசேரியம் என்ற பூஞ்சை. மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறுகிறது. அதற்கும் வளர இரும்பு வேண்டும். நம்ம சுண்ணாம்பு மண்ணில் இரும்பு இருந்தாலும் கரையாமல் கிடக்கும். அதைக் கவ்வி இழுக்கப் பூஞ்சை சிடரோஃபோர் என்ற பொருளைச் சுரக்கிறது. தொழுவுரத்தில் கலந்து போடுகிறோமே சூடோமோனாஸ், அந்தப் பாக்டீரியாவும் இதையேதான் செய்கிறது, இன்னும் வலுவாக. அது முந்திக்கொண்டால் பூஞ்சை பட்டினி. 1980-ல் அமெரிக்காவில் சோதித்தபோது, சூடோமோனாஸ் சேர்த்த மண்ணில் ஃபியூசேரியம் வாடல் அடங்கியது. அதே மண்ணில் இரும்பைச் சேர்த்ததும் அந்தப் பலன் போய்விட்டது. அதனால்தான் வேரில் ஊற்ற வேண்டாம் என்கிறேன். நிஜமாகவே இரும்பு குறைந்தால் இலையில் தெளித்துக்கொள்ளலாம்.

நோய் கண்ட மரத்துக்கு இனி வைத்தியம் இல்லை. கிழங்கோடு தோண்டி எடுத்துவிட்டுக் குழியில் சுண்ணாம்பு போடச் சொல்லியிருக்கிறேன். அடுத்த போகம் அங்கே நெல்தான். உன் அம்மாவுக்கு ரஸ்தாளி போகிறதே என்று வருத்தம். எனக்கும்தான்.

அப்புறம் ஒன்று. நம் உடம்பும் கிருமிக்கு இரும்பு எட்டாமல்தான் வைத்திருக்கிறது. ரத்தத்தில் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அதைப் பிடித்து வைக்கிறது. சர்க்கரை கட்டுமீறி ரத்தம் அமிலமானால் அந்தப் பிடி தளரும். விடுபட்ட இரும்பு கருப்புப் பூஞ்சைக்குத் தீனி. 2021-ல் கொரோனா சமயத்தில் சர்க்கரை உள்ளவர்களை அது அத்தனை மோசமாகத் தாக்கியதற்கு இதுவும் ஒரு காரணம். மாப்பிள்ளை சர்க்கரை மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடாமல் விட்டு விட்டுச் சாப்பிடுகிறார் என்று உன் அம்மா சொன்னாள். இந்த வாரமே கூட்டிக்கொண்டு போய் மூன்று மாதச் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு, எவ்வளவு என்று எனக்குப் போன் பண்ணு.

அப்பா
கோபி