வாசலில் நின்று திட்டியவளின் நன்றி மடல்

வட நோர்வேயின் ட்ரொம்சோ வீதிகளில் பனி வழிக்கும் அண்ணாமார், தம்பிமார், தங்கச்சிமார் எல்லாருக்கும்,

வணக்கம்.

நேற்றுக் காலை தூரிகை வண்டி எங்கள் ஒழுங்கையைக் கூட்டித் துப்புரவாக்கிக்கொண்டு போனது. குளிர்காலம் முழுக்க, வழுக்காமல் இருக்க நீங்கள் தூவிய சல்லிக்கல்லெல்லாம் தூசியும் சேறுமாக அதன் வயிற்றுக்குள் போய்விட்டது. நோர்வேயின் தேசிய நாளான மே 17க்கு முதல் இதை முடித்துவிட வேண்டும் என்று நீங்கள் படும் அவசரம் எனக்குத் தெரியும். பிள்ளைகள் கொடியோடு ஊர்வலம் போகும் நாளில் வீதி முகம் கழுவி நிற்க வேண்டும் அல்லவா? இனி அடுத்த பனி விழும்வரை உங்களை யாரும் நினைக்கப் போவதில்லை. அதற்கு முதல் எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

நோர்வேஜிய மொழியில் ஒரு அட்டை ஏற்கெனவே அனுப்பிவிட்டேன். அதில் ‘தூசன் தக்’ என்று எழுதினேன், ஆயிரம் நன்றி. இந்த ஊரில் கடைக்கதவைப் பிடித்து வழிவிட்டவருக்கும் அதே ஆயிரம்தான், ஆகவே எனக்கு அது போதவில்லை. என் நோர்வேஜியமும் இத்தனை வருசமாக மருந்துப் பட்டியலும் பராமரிப்புக் குறிப்பும் எழுதிப் பழகியது. மன்னிப்புக் கேட்கிற இடம் வந்தால் தடுமாறும். இந்த மடலில் மன்னிப்பும் இருக்கிறது, அதனால்தான் தமிழில். உங்களில் எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் நடைபாதை வழிக்கும் குட்டி உழவு மெசின் ஓட்டுகிறார். கோப்பி குடிக்கிற நேரம் அவர் மற்றவர்களுக்கு வாசித்துச் சொல்லட்டும்.

நான் வீட்டுப் பராமரிப்பில் வேலை செய்பவள். விடிய முதல் தொடங்கி, வயது போனவர்களின் வீடு வீடாகப் போய், மாத்திரை எடுத்துக் கொடுத்து, ஊசி போட்டு, இறுக்கமான காலுறையை மாட்டிவிட்டு வருவேன். ‘விடிய முதல்’ என்பது சும்மா பேச்சுக்கு. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை இங்கே சூரியன் எழும்புவதே இல்லை.

1996இல் இங்கே வந்தேன். அதற்கு முதல் இவர் இன்னும் வடக்கே, ஃபின்மார்க்கில் ஒரு மீன் ஆலையில் இருந்தார், எங்கள் சனம் பலரைப் போல. எனக்கு வாய்த்த முதல் குளிர்காலமோ ஊரே இன்னும் கதைக்கிற குளிர்காலம். 1997 ஏப்ரல் 29 அன்று அளந்த 240 சென்ரிமீற்றர் பனிதான் இன்றுவரைக்கும் ட்ரொம்சோவின் சாதனை. மாதத்தைக் கவனியுங்கள். யாழ்ப்பாணத்தில் சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம் அது. எங்கள் வாடகை வீட்டின் கீழ்த்தட்டு யன்னலைத் திறந்தால் வெள்ளைச் சுவர். வெளியே நின்று படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். “பிள்ளை, படம் வந்தது. வீடு எங்கை?” என்று கேட்டு எழுதினா.

அந்த வருசமும் வீதி திறந்துதான் இருந்தது. வேலைக்குப் போனவர்கள் போனார்கள், பஸ் வந்தது. யார் திறந்தார்கள் என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை. குழாயில் தண்ணீர் வருவது மாதிரி, வீதி தானாகத் திறக்கும் என்று நினைத்திருப்பேன் போல.

இப்போது மன்னிப்புக்கு வருகிறேன். சில வருசத்துக்கு முதல், ஒரு பெப்ரவரி மாதம். நாலு மணிக்கு எழும்பி, ஒரு மணித்தியாலம் சவளால் அள்ளி, கார் வெளியே வர வழி செய்துவிட்டு நிமிர்ந்தேன். செம்மஞ்சள் விளக்குச் சுழல உங்கள் லொறி வந்தது, போனது. என் வாசலுக்குக் குறுக்கே முழங்காலுக்கு மேல் உயரமாக ஒரு அணை கட்டிவிட்டுப் போனது. சவளை நிலத்தில் அடித்துவிட்டு, “கண் தெரியேல்லையோ! கட்டையிலை போவான்!” என்று கத்தினேன். கண்ணாடி மூடியிருந்தது, உங்களுக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் விளங்கியிராது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான். அந்த லொறியை ஓட்டியவர் யாரென்று தெரியாது. யாராக இருந்தாலும் மன்னித்துக்கொள்ளுங்கள், நீங்கள் நூறு வயது இருக்க வேண்டும்.

அந்த அணைக்கான காரணத்தைப் பிறகு ஒரு பிறந்தநாள் வீட்டில் எங்கள் தம்பிதான் விளங்கப்படுத்தினார். “அக்கா, பனி வழிக்கிற அலகு சரிவாத்தான் நிக்கும். பனி ஒரு பக்கமா உருண்டு போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு படலைக்கும் அதைத் தூக்கிப் பதிக்கிறதெண்டால், விடியிறதுக்குள்ளை நான் ஒரு ஒழுங்கையும் முடிக்கமாட்டன்.” அணை ஏன் அப்படிக் கனக்கிறது என்றும் சொன்னார். புதிதாக விழுந்த உலர்ந்த பனி ஒரு கன மீற்றர் 100 கிலோகூட வராதாம். ஈரமாகி, அலகில் உருண்டு, இறுகிக் கிடப்பது 400, 500 கிலோ போகுமாம். அதை அள்ளின என் இடுப்பு இந்தக் கணக்கை முதலே போட்டு வைத்திருந்தது.

வரிசையும் அன்றுதான் விளங்கியது. பெரிய வீதியும் பஸ் போகிற வழியும் ஆஸ்பத்திரிப் பாதையும் முதல். பள்ளிக்கூடத்துக்கு நடக்கிற பாதைகள் அதோடு சேர்த்து. எங்கள் மாதிரி முட்டுச்சந்து ஒழுங்கைகள் கடைசி. வீதிக்குச் சொந்தக்காரரும் மூன்று பேர். ஈ8 நெடுஞ்சாலை அரசாங்கத்தினது, வேறு சில வீதிகள் மாகாணத்தினது, மிச்சம் நகரசபையினது. போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று வீதியின் நிறம் மாறினால் இரண்டு சொந்தக்காரரின் எல்லை அதுதான். எங்கள் ஊரில் வேலிக்கு நடந்த வழக்குகளை நினைத்தால், இவர்கள் சண்டை பிடிக்காமல் வழிப்பதே பெரிய காரியம்.

வெளியிடத்துச் சொந்தங்கள் எடுத்தால், “அவ்வளவு ஸ்னோவுக்கை எப்பிடி இருக்கிறியள்?” என்பார்கள். ஸ்னோ ஒரு பிரச்சினையே இல்லை. வழித்தால் போய்விடும், வழிக்காமல் மிதித்தாலும் இறுகி நல்ல பாதையாகிவிடும். நீங்களே ஒரு படைப் பனியை வீதியில் விட்டு, பல்லு வைத்த அலகால் வரி வரியாகக் கீறிவிடுகிறீர்கள், சில்லு பிடிக்கட்டும் என்று. வினை மழையால்தான். ட்ரொம்சோ 69 பாகை வடக்கே இருந்தாலும் கடல் நீரோட்டத்தின் சூடு வந்து சேர்கிறது. ஜனவரிச் சராசரி உறைநிலைக்குச் சில பாகைதான் கீழே. அதனால் நடுக் குளிர்காலத்தில் இரண்டு நாள் மழை பெய்யும், மூன்றாம் நாள் இரவு உறையும். இறுகின பனியின் மேல் தண்ணீர், அந்தத் தண்ணீர் ஐஸ். இங்கத்தைய ஆட்கள் அதை ‘ஹோல்க’ என்பார்கள். கண்ணாடிக்கு எண்ணெய் பூசின மாதிரி.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை, இந்த ஜனவரியில். மலைச்சரிவில் தனியே இருக்கும் ஒரு அம்மாவுக்கு நான் காலை இன்சுலின் போட வேண்டும். கார் பாதி ஏற்றத்தில் நின்று, பிறகு மெல்ல மெல்லப் பின்னுக்கு வழுக்கியது. அந்த நேரம் வாயில் வந்தது நல்லூர்க் கந்தன் பேர். கீழே ஓரமாக விட்டுவிட்டு நடந்தேன். சப்பாத்துக்கு அடியில் மாட்டுகிற முள்ளு றப்பர் வலது பக்கம் அறுந்துபோனது. பையைக் கழுத்தில் கொழுவிக்கொண்டு நாலு காலில் தவழத் தொடங்கினேன். ஐம்பத்தைந்து வயதில்.

பின்னால் வெளிச்சம். உங்களுடைய குட்டி மெசின் ஒன்று. ஓட்டி வந்தது ஒரு பெண்பிள்ளை, கம்பளித் தொப்பி, இருபத்தைந்து வயதுகூட இராது. கண்ணாடியை இறக்கி, எங்கே என்று கேட்டா. மேலே கையைக் காட்டினேன். “நில், நான் ஏறின பிறகு வா” என்றா. பிறகு செய்ததை நான் அதுவரை கண்டதில்லை. மெசினைத் திருப்பி, பின்பக்கமாக ஏறத் தொடங்கினா. சல்லி தூவுகிற பெட்டி பின்னால்தானே இருக்கிறது. முதலில் சல்லி விழும், பிறகு அதன் மேல் சில்லு ஏறும். தன் வழியைத் தானே போட்டுக்கொண்டு, தலையைத் திருப்பின படியே, ஒரே சீராக மேலே போனா. நான் எழும்பி அந்தச் சல்லியில் கால் வைத்தேன். கறுக், கறுக் என்றது. அந்தச் சத்தம் இன்னும் காதில் நிற்கிறது.

மேலே அந்த அம்மா கதவைத் திறந்து, பத்து நிமிசம் பிந்திவிட்டாய் என்றா. ஊசி போட்டேன். யன்னலால் எட்டிப் பார்த்தபோது அந்தப் பிள்ளை அடுத்த தெருவுக்குப் போய்விட்டா. தங்கச்சி, அந்த வேலை உன் அன்றைய வரிசையில் இருந்ததா, எனக்காக வழி மாறி வந்தாயா என்று தெரியாது. இரண்டுக்கும் சேர்த்து நன்றி.

பிரதான வீதிகளில் நீங்கள் செய்கிற சுடுதண்ணீர் வித்தைக்கும் நன்றி சொல்ல வேண்டும். வெறும் மணலைத் தூவினால் நாலு கார் போனதும் ஓரத்துக்குப் பறந்துவிடும். 90 பாகைக்கு மேல் சூடான தண்ணீரில் மணலை நனைத்துத் தூவினால், ஐஸைச் சற்றே உருக்கிக்கொண்டு இறங்கி, அப்படியே உறைந்து பிடித்துக்கொள்ளும். அரத்தாள் மாதிரி. இருட்டுக்குள் ஆவி பறக்க அந்த லொறி போகும்போது இடியப்பச் சட்டி போவது போல இருக்கும். உப்புப் போட்டால் என்ன என்று முந்தி நானும் கேட்டவள்தான். மைனஸ் 10ஐத் தாண்டினால் உப்பின் வீரியம் குறைந்துவிடும், காரும் கறள் பிடிக்கும். ஆனையிறவில் உப்புக் குவியலைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அதைத் தெருவில் கொட்டினால் மனமும் கேளாது.

இன்னும் சிலர். பனி விழ முதலே வீதியோரம் கம்பு நட்டுக்கொண்டு போகிறவர்கள். பனி மூடினாலும் வீதியின் விளிம்பு எது என்று லொறிக்குத் தெரிய வேண்டுமே. அதில் சிலது மூங்கில் என்று கண்டபோது சிரித்துவிட்டேன், வடதுருவ வட்டத்துக்குள் மூங்கில்! பிறகு, என் அணையைச் சொல்லாமலே வந்து அள்ளிவிட்டுப் போகும் பக்கத்து வீட்டுப் பெடியன். சங்கிலி பூட்டின பஸ்ஸை மேட்டில் நிறுத்தி எனக்காகக் காத்திருந்த சாரதி.

மீன் ரோல்ஸ் நாற்பது உங்கள் கராச்சுக்குக் கொண்டுவந்து தந்தேன். உறைப்பைக் குறைத்துத்தான் செய்தேன். அப்படியும் ஒருவர் இரண்டு கிளாஸ் பால் குடித்தாராம். அடுத்த முறை அவருக்குப் புறம்பாகச் செய்கிறேன். பெட்டியைத் திருப்பித் தர வேண்டாம்.

ஒன்றே ஒன்று. அடுத்த முறை கம்பு நட வரும்போது எங்கள் வாசலின் இடப்பக்கக் கம்பு இருக்காது. லொறி முறித்துவிட்டது என்று நான் இவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய். காரைப் பின்னுக்கு எடுக்கும்போது நான்தான் முறித்தேன். புதிது ஒன்று போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஒழுங்கை முடிவில், பச்சை வீட்டு அக்கா